மந்தைவெளியில் திருப்பி வைத்த பெட்டி

ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு, வேண்டுமானால் ஒரு பட்டுப்புடவையும் வாங்கிக்கொண்டு திரும்பி வா என்றுதான் என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். மலாய் நாட்டுக் கிள்ளானில் இருக்கும் எங்கள் நிறுவனத்து இயக்குநருக்கு, தமிழ் பேசுகிற பொறியாளர் தமிழ்நாட்டுக்குப் போவது பிறந்த வீட்டுக்குப் போவது மாதிரி என்று ஒரு நினைப்பு. "உனக்கென்ன புனிதா, சொந்த ஊர்" என்றார் மலாயில். என் சொந்த ஊர் கிள்ளான். என் அப்பா பிறந்ததும் அங்கேதான். இதைப் பலருக்கும் விளக்கிச் சலித்துப்போனதால், தலையை ஆட்டிவிட்டு விமானம் ஏறினேன்.

நாங்கள் செய்வது இரும்புப் பெட்டி வீடுகள். தூண், தரை, சுவர், குளியலறை, விளக்கு எல்லாம் பட்டறையிலேயே தயாராகிவிடும். லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைக்கு மூலை முடுக்கினால் கட்டடம். "அவ்வளவுதானா?" என்று கேட்பவர்களுக்கு நான் டிபன் கேரியரைக் காட்டுவது வழக்கம். அடுக்குகள் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சரி, பக்கத்துப் பட்டையையும் கொக்கியையும் மாட்டாமல் தூக்கினால் சாம்பார் காலில்தான் கொட்டும். பெட்டிக் கட்டடத்தின் உயிர் பெட்டியில் இல்லை, பெட்டியும் பெட்டியும் சேருகிற இடத்தில் இருக்கிறது.

மந்தைவெளியில் ஒரு குறுகலான மனை. வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி. கீழே கான்கிரீட் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தம். அதற்கு மேல் மாடிக்கு ஒன்றாக நாலு நீளமான இரும்புப் பெட்டிகள். வரைபடமும் இணைப்புகளும் எங்களுடையவை. பெட்டிகளைச் செய்தது பெருங்குடியில் ஒரு பட்டறை. அடுக்கி முடித்தாயிற்று. ஆடி போய் ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம். அதற்குள் நான் இணைப்புகளைப் பார்த்து, கட்டடம் சரியாக இருக்கிறது என்று சான்று தர வேண்டும்.

தி. நகரில் பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். காலையில் தெருமுனை ஓட்டலில் ரவா தோசை. அது கல்லில் இருந்து என் தட்டுக்கு வருவதற்குள் எங்கள் ஊரில் ஒரு பெட்டியையே தூக்கி வைத்துவிடலாம். ஆனால் வந்ததும் மன்னித்துவிட்டேன். காபியை டபராவில் ஆற்றும்போது எங்கள் ஊரில் தே தாரே என்கிற இழுத்து ஆற்றும் தேநீர் போடுபவரின் ஞாபகம் வந்தது. அவர் தலைக்கு மேலே இருந்து ஊற்றி வித்தை காட்டுவார். இங்கே அந்த வித்தையை வாடிக்கையாளரே செய்துகொள்ள வேண்டும். எனக்குச் சட்டையில்தான் ஆறியது.

ஆட்டோக்காரர் ஏறும்போதே எச்சரித்தார். "மெட்ரோ வேல நடந்துகினு கீது மேடம். சுத்திகினுதான் போவணும்." சுற்றினார். தேனாம்பேட்டை வந்தது, போனது, மறுபடியும் வந்தது. லஸ் பக்கம் எங்கோ ஒரு தடுப்புத் தகரத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, "இதுக்கு மேல வண்டி போவாது. நேரா நட, கோவில் கோபுரம் தெரியும், அப்டியே ரைட்டு" என்று இறக்கிவிட்டார். கோபுரம் தெரிந்தது. ரைட்டில் இன்னொரு தகரம் இருந்தது. முறுக்குவிசை பார்க்கும் ஸ்பேனரையும் கருவிப் பையையும் தூக்கிக்கொண்டு, பாதியில் காணாமல் போகிற நடைபாதைகளில் நடந்தேன். கிள்ளானில் நடப்பதே ஒரு விநோதம். இங்கே நடப்பது ஒரு சண்டை. எனக்குச் சண்டை பிடிக்கும்.

கட்டடம் பார்க்க அழகாகவே இருந்தது. பால் நிறம், நீல ஜன்னல்கள். மேஸ்திரி பாபு வாசலில் நின்றிருந்தார். பெட்டிகளை அடுக்கிய குழு அவருடையது. இரண்டாவது மாடியில் வார்டன் நூர்ஜஹான் அக்கா ஏற்கெனவே குடிவந்திருந்தார். கணவர் போன பிறகு மீர்சாகிப்பேட்டையில் வாடகைக்கு இருந்தவர், இந்த வேலை கிடைத்ததும் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுத் தையல் மெஷினோடு வந்துவிட்டாராம். என் முகத்தைப் பார்த்ததும், "இன்னாம்மா வேர்த்து ஊத்தினு வந்துகிற, குந்து மொதல்ல" என்று ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார்.

தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் அந்தக் குழாய் கண்ணில் பட்டது. முதல் மாடிச் சமையலறையின் கழிவுக் குழாய், நேராகக் கீழே இறங்காமல், கட்டடத்தின் மேல் பூணூல் மாதிரி குறுக்கே போயிருந்தது. எங்கள் வரைபடத்தில் அப்படி ஒரு குழாயே கிடையாது.

என் பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். விலை உயர்ந்த கருவிகள் சொல்வதை நான் காந்தத்தைக் கேட்டுச் சரிபார்ப்பேன். எங்கள் பெட்டியில் ஒரு நீளச் சுவருக்குள் மட்டும் குறுக்குச் சட்டங்கள் இருக்கும், பெருக்கல் குறி மாதிரி மூலைக்கு மூலை. காற்று தள்ளும்போது கட்டடத்தைச் சாயாமல் பிடிப்பது அதுதான். இந்தக் கட்டடத்தில் மேற்கே மாடிப்படியின் கான்கிரீட் சுவர் பிடித்துக்கொள்ளும். கிழக்கே இந்தக் குறுக்குகள் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு மாடியின் குறுக்கும் அதற்குக் கீழே உள்ள மாடியின் குறுக்குக்கு நேர்மேலே உட்கார வேண்டும். அந்தப் பக்கத்து மூலைகளில்தான் தடித்த தகடும் பெரிய போல்ட்டும் வரும். பெட்டி நகராமல் இருக்க நாலு மூலையிலும் ஒரு கூம்பு முளை உண்டு. மற்ற மூலைகளில் அது மட்டுமே.

மேலிருந்து தொடங்கினேன். கிழக்குச் சுவரில் காந்தத்தை வைத்து நகர்த்தினால், பலகைக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அது சாய்வாக ஏறியது. அடுத்த மாடியிலும் ஏறியது. அக்காவின் அறையிலும் ஏறியது. டைல்ஸ் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பீகார் தொழிலாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் இந்தியில் ஏதோ சொல்ல, மற்றவர் சிரித்தார். பாபு மொழிபெயர்த்தார்: "இந்த அம்மா செவுத்துக்கு இஸ்திரி போடுதுன்றான் மேடம்."

முதல் மாடியில் காந்தம் கீழே விழுந்தது. எடுத்து வைத்தேன், மறுபடியும் விழுந்தது. எதிர்ப்பக்கம் போய், மாடிப்படியை ஒட்டிய சுவரில் வைத்தேன். ஜம்மென்று ஒட்டிக்கொண்டு சாய்வாக ஏறியது.

"பாபு, இந்தப் பெட்டியத் திருப்பி வச்சீங்களா?"

"ஆமா மேடம். ஓனரு சொன்னாரு. கிச்சன் அக்னி மூலைல வரணுமாம், வாஸ்து. முன்னால ஒரு கதவு, பின்னால ஒரு கதவு, எப்டி வெச்சாலும் வழி கீது. கிரேன்லயே ஒரு சுத்து சுத்தி எறக்கினோம். டக்குனு குந்திகிச்சு. இன்னா ஆவப்போவுது?"

அவரைத் திட்ட வாய் வரவில்லை. நாலு மூலையும் ஒரே மாதிரி முளைகளோடு செய்தது நாங்கள். தப்பாக வைத்தாலும் சரியாக உட்காரும்படி செய்துவிட்டு, வைத்தவரை எப்படிக் குறை சொல்வது? ஆனால் கோபம் வந்தது, நிறைய வந்தது. மூன்று மாடியின் பாரத்தைத் தாங்கும் அடி மாடியில், கிழக்குப் பக்கம் பிடிமானமே இல்லை. மேலே இருக்கிற பெரிய போல்ட்டுகள் கீழே பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் வெறும் ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கட்டட உரிமையாளர் வெங்கடேசன் சார், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கோவில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவர் வீடு. மதியம் அங்கேதான் சாப்பாடு என்று முன்பே சொல்லியிருந்தார். அவர் மனைவி மைதிலி மாமி வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் பரிமாறினார். அப்படி ஒரு வத்தக்குழம்பை நான் அதுவரை சாப்பிட்டதில்லை. இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் விஷயத்தை ஆரம்பித்தேன்.

"வாஸ்து பாக்கறவர் வந்தார். அடுப்பு வாயு மூலைல இருக்கு, அது ரெண்டாம்பட்சம்னார். பெட்டிதானே, திருப்பி வெச்சாப் போறதுன்னு பாபுவாண்ட சொன்னேன்" என்றார் அவர், மோரை ஊற்றிக்கொண்டே. "நானே கீழ நின்னுண்டு பாத்தேன். நாலு மூலையும் அச்சா உக்காந்துடுத்து."

"உக்காந்தா போதாது சார், பிடிக்கணும்" என்றேன். "மேல இருக்கிற மூணு பெட்டியையும் இறக்கி, இதைத் திருப்பி வச்சு, மறுபடியும் அடுக்கணும். வேற வழி இல்ல."

அவர் கை நின்றது. "கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை குடுத்தாச்சு. அதெல்லாம் இப்ப முடியாது. ஒரு கம்பிய வெளில வெல்டு பண்ணிடப்படாதோ?"

முடியாது. அந்தப் பக்கத்து மூலைகள் இழுவிசையைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. கம்பியை எதில் கட்டுவது? நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீங்க ரொம்ப யோசிக்கறேள். கையெழுத்தப் போட்டுட்டுப் போங்கோ, நாங்க பாத்துக்கறோம்" என்றார், குரலை உயர்த்தாமல், இன்னும் கொஞ்சம் பாயசம் போடச் சொல்கிற மாதிரி. மாட்டேன் என்றேன். மாமி நிஜமாகவே பாயசம் கொண்டுவந்து வைத்தார். அதையும் சாப்பிட்டேன். உண்ட வீட்டில் மறுத்துப் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பெருங்குடிப் பட்டறைக்குப் போனேன், பெட்டியே தவறாகச் செய்யப்பட்டதா அல்லது வைத்ததுதான் தவறா என்று உறுதிசெய்ய. ஆட்டோவை நம்பாமல் பேருந்து. உட்கார இடமில்லை. அடையாறு பாலத்தில் நெரிசலில் நின்றபோது பக்கத்தில் ஒரு லாரி போக, பாலம் காலுக்கடியில் லேசாக அதிர்ந்தது. பக்கத்திலிருந்த பெண் கடவுள் பெயரைச் சொன்னார். எனக்கு அதில் பயமில்லை. பாலமும் கட்டடமும் ஆடத்தான் செய்யும். ஒரு பக்கம் ஆடி மறுபக்கம் ஆடாமல் முறுக்கிக்கொள்வதுதான் ஆபத்து. அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதே ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். ஒரு கையால் மட்டும் கம்பியைப் பிடித்திருந்த நான், அந்தக் கையை அச்சாக வைத்து ஒரு அரைச் சுற்று சுற்றி, அந்தப் பெண்ணின் மடியிலேயே போய் உட்கார்ந்தேன். மந்தைவெளிக் கட்டடம் புயலில் செய்யப்போவதும் அச்சு அசலாக இதுதான். மாடிப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மீதி உடம்பு திருகும்.

"பார்த்து நில்லு கண்ணு" என்றார் அவர். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தேன்.

பட்டறையில், பக்கத்தில் இருந்த குப்பைமேட்டின் வாடையைத் துணியால் மூக்கை மூடி வடிகட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். பெட்டிகளில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு பெட்டியின் கூரையிலும் வடக்கைக் காட்டும் சிவப்பு அம்புக்குறி போட்டே அனுப்பியிருந்தார்கள். அந்த அம்புக்குறி இப்போது அக்காவின் கட்டிலுக்கு அடியில் தெற்கைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

இயக்குநருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "நம் வரைபடம் சரி. பட்டறை சரி. வாடிக்கையாளர் திருப்பினால் அது அவர் பாடு. நமக்குத் தெரியாது என்று இருந்துவிடு."

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

"அப்படியானால் நீ போட வேண்டாம். நம் இன்னொரு பொறியாளன் ஹாபிஸ் இங்கே இருந்தே போட்டு அனுப்பிவிடுவான். நீ புடவை வாங்கப் போ."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் கையெழுத்தைத் தராமல் இருந்தால் கட்டடம் திறக்காது என்று நம்பியிருந்தேன். அது வெறும் கர்வம். நான் போடாவிட்டால் இன்னொருவர் போடுவார். மழைக்காலத்தில் வங்கக் கடலில் இருந்து ஒரு நல்ல புயல் வந்தால், மேலே மூன்று மாடிகளில் பெண்கள் படுத்திருப்பார்கள், நான் கிள்ளானில் சுத்தமான கையோடு உட்கார்ந்திருப்பேன். அந்தச் சுத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சாயங்காலம் நூர்ஜஹான் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்தினார்.

"இன்னிக்கு வுழுந்துடுமா?"

"இல்லக்கா. சாதாரண நாள்ல ஒண்ணும் ஆகாது. பெரிய காத்து அடிச்சாத்தான்."

"அப்போ டீ குடி" என்றார். சாந்தோம் கடற்கரையில் வாங்கி வந்த மீன் வறுவலும் இருந்தது. காரத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. அவர் சிரித்தார். பிறகு தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார். நாளைக்குக் கிரகப்பிரவேசத்தில் எல்லார் முன்னாலேயும் சொல்லப் போகிறேன் என்றேன். "சொல்லும்மா" என்றார்.

கிரகப்பிரவேசத்தன்று கீழே வண்டி நிறுத்தத்தில் ஹோமம். வாழைமரம், மாவிலைத் தோரணம், நாதஸ்வரம் ஸ்பீக்கரில். அறை பார்க்க வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் பைகளோடு நின்றிருந்தார்கள். சிலர் ஆஸ்பத்திரிச் சீருடையில், இரவு வேலை முடிந்து நேராக வந்தவர்கள். பால் காய்ச்ச எல்லாரும் முதல் மாடிக்குப் போனோம். அக்னி மூலையில் புது அடுப்பு. பால் பொங்கியது, எல்லாரும் கைதட்டினார்கள். வெங்கடேசன் சார் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், அரக்கு நிறப் பட்டுப்புடவை வைத்து என்னிடம் நீட்டினார். "வெளிநாட்லேர்ந்து வந்து நம்ம கட்டடத்தப் பாத்துக் குடுத்திருக்கா" என்று எல்லாரிடமும் சொன்னார்.

நான் தாம்பாளத்தை வாங்கவில்லை. "பார்த்தேன், ஆனா சரின்னு சொல்லல" என்றேன், அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி. காந்தத்தை எடுத்துக் கிழக்குச் சுவரில் வைத்தேன். விழுந்தது. எதிர்ச் சுவரில் வைத்தேன். நின்றது. பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்பவளின் கதையைச் சொன்னேன். இன்றைக்கு விழாது, நாளைக்கும் விழாது, புயலில் என்னால் உத்தரவாதம் தர முடியாது, தெரிந்துகொண்டு குடிவாருங்கள் என்றேன்.

வெங்கடேசன் சாரின் முகம் சிவந்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா இப்படியா பேசறது? கிள்ளான்ல இருந்து வேற ஒருத்தர் கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு, தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியும். அவரு இந்தக் கட்டடத்தப் பார்த்ததே இல்ல. நான் பார்த்திருக்கேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு. சீருடைப் பெண் ஒருத்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்போது மைதிலி மாமி, கையில் பால் பாத்திரத்தோடு, கணவர் பக்கம் திரும்பினார். "கிரகப்பிரவேசம் பண்ணினா அன்னிக்கு ராத்திரி நாம அங்க படுத்துக்கணும். இன்னிக்குப் படுத்துக்கறோம், சரி. புயல் அடிக்கற அன்னிக்கு இங்க வந்து படுத்துப்பேளா?"

"என்ன பேத்தறே மைதிலி?" அவர் எரிச்சலோடு கையை உதறினார். "புயல்ல நாம எதுக்கு இங்க வரணும்? நமக்குத்தான் குளத்தண்ட சொந்த ஆம் இருக்கே."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது என்று நினைக்கிறேன். அடுப்புப் பக்கத்தில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த நூர்ஜஹான் அக்கா நிமிர்ந்தார்.

"எனக்கு இதான் சார் வூடு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லாரும் வெங்கடேசன் சாரைப் பார்த்தோம். அவர் சுவரில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பார்த்தார், கீழே கிழக்குச் சுவரோரம் வெறும் தரையைப் பார்த்தார். பிறகு தாம்பாளத்தை மேடையில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாபு, அந்தக் கிரேன்காரன் எப்ப வருவான்னு கேளு" என்றார். பாபு படியில் இறங்கும்போதே போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

நான் அங்கேயே நின்று கிள்ளானுக்குப் பேசினேன். பெட்டிகளை இறக்கித் திருப்பி அடுக்கப் போகிறோம், முடியும்வரை நான் இங்கேதான் இருப்பேன், ஹாபிஸின் சான்றைத் திரும்பப் பெற்றுவிடுங்கள் என்றேன்.

"யார் அனுமதி கொடுத்தது?" என்று கேட்டார் இயக்குநர்.

"யாரும் கொடுக்கலை" என்று சொல்லி வைத்துவிட்டு, அக்கா நீட்டிய டம்ளரை வாங்கிப் பாலைக் குடித்தேன்.